வீபே போட்ட பாரிஸ் திட்டம்

வீபே நோர்ட்ஹோஃபுக்கு ஒயின் பிடிக்காது. மத்தியானம் ரொட்டியோடு ஒரு தம்ளர் மோர், சாயங்காலம் காப்பி, காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட். இதைத் தாண்டி அவன் நாக்கு எதற்கும் ஏங்கி யாரும் பார்த்ததில்லை. பாரிஸும் பிடிக்காது. போனதில்லை, போகாமலே பிடிக்காது. அப்பேர்ப்பட்ட ஆள் பாரிஸில் இரண்டு இரவு, ஷாம்பேன் பக்கத்துத் திராட்சைச் சரிவில் ஓர் இரவு என்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று தெரிந்தபோது எங்கள் தெரு சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வடக்கு நெதர்லாந்தில் எங்கள் ஊரான மெப்பல்காரர்களின் குணம் அப்படி: பக்கத்து வீட்டுக்காரன் புது சைக்கிள் வாங்கினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அவன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

வீபே நீர் வாரியத்தில் இருக்கிறான். எந்த வாய்க்காலில் எந்த வாரம் களை வெட்டுவது என்று அட்டவணை போடுவது அவன் உத்தியோகம். வாத்து எப்போது முட்டையிடும், மழை எப்போது கொட்டும், விவசாயி எப்போது கத்துவான், எல்லாவற்றையும் கட்டங்களில் அடைத்து, கட்டங்களுக்கு வண்ணம் பூசி, பதினெட்டு வருஷமாக மேலதிகாரிகளிடம் நல்ல பேர் வாங்கி வருகிறான். அதில் யாருக்கும் புகார் இல்லை. தண்ணீர் வடிகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் உத்தியோகத்தை அவன் கழற்றி வைப்பதில்லை என்பதுதான் சங்கடம். படுக்கை விரிப்பு மாற்ற ஒரு கிழமை உண்டு. அக்காவோடு போனில் பேச இன்னொரு கிழமை, இருபது நிமிஷம். குளிர்காலத்துப் பட்டாணி சூப்புக்கு மூன்று தேதிகள் ஜூலையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பழைய நண்பன் ஒருவன் ஒருமுறை, "இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பாக்கலாம்னு…" என்று கதவைத் தட்டினான். வீபே கதவைத் திறந்து, உள்ளே போய் நாட்காட்டியைப் பார்த்து, திரும்பி வந்து, ஐந்து வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து அனுப்பினான். எங்கள் ஊரில் இது பெரிய குற்றமில்லை. பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேர் வாசலில் நிற்க வைத்தாவது இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

அவன் மனைவி ஃபெம்மி, காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க "இப்ப கேக்குதா? இப்ப?" என்று ஊரார் காதில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

இவர்கள் கல்யாணம் இரண்டு தவணையில் நடந்தது. மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகராட்சியில் கையெழுத்து. திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கல்யாணம் செய்துகொள்பவர்களிடம் நகராட்சி காசு வாங்காது. அந்த நேரத்தை வீபே ஒன்றரை வருஷம் முன்பே பிடித்து வைத்திருந்தான். சாட்சிக்கு இரண்டு பேர். ஃபெம்மி மஞ்சள் மழைக்கோட்டில் இருந்தாள், ஏனென்றால் மழை. கையெழுத்து முடிந்ததும் இருவரும் ரயிலடியில் காசு போட்டால் திறக்கும் சுவர்ப் பெட்டியிலிருந்து சுடச்சுட ஆளுக்கொரு பொரித்த இறைச்சிக் குரோக்கெட் எடுத்து நின்றபடி தின்றார்கள். வீபேயின் நாக்கு சுட்டுக்கொண்டது. அவன் சிரித்தான். ஒன்பது நாற்பதுக்கு அலுவலக நாற்காலியில் இருந்தான். விருந்து, கவுன், கேக், தெருவார், எல்லாம் மண்டபம் கிடைத்த ஜூன் மாதத்தில். தெருவுக்கு அவர்கள் கல்யாணம் என்றால் ஜூன்தான். அந்தத் திங்கட்கிழமையை ஃபெம்மியைத் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்றே ஃபெம்மியும் நினைத்திருந்தாள்.

அதனால்தான், போன மே மாதம் சாப்பாட்டு மேஜையில் வீபே வாயைத் திறந்தபோது அவள் ஏமாந்துபோனாள்.

"செப்டம்பர் நாலு, வியாழன். நாலு நாள் லீவு சொல்லிடு."

"எதுக்கு?"

"பன்னிரண்டரை வருஷம். பாரிஸ் போறோம். அப்புறம் அந்தத் திராட்சை ஊரு. நீ எப்பவோ கேட்டியே."

ஃபெம்மி கேட்டது எட்டு வருஷம் முன்பு. பல் டாக்டர் காத்திருப்பு அறையில் கிடந்த பத்திரிகையில் ஒரு சரிவு, கீழே ஒரு கிராமம், ஓரத்தில் ஒரு பெஞ்சு. "இங்க போய் சும்மா உக்காந்திருக்கணும்" என்றாள். வீபேக்கு அது கேட்டிருக்கிறது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிவிழாவில் பாதியான பன்னிரண்டரையையும் எங்கள் பக்கத்தில் கொண்டாடுவார்கள். "நம்மளது டிசம்பர்ல இல்ல வருது?" என்று விரல் விட்டுப் பார்த்தாள்.

"விருந்துலேருந்து எண்ணினா டிசம்பர். கையெழுத்துலேருந்து எண்ணினா செப்டம்பர். கையெழுத்துதான் கல்யாணம்."

அவ்வளவுதான். ஃபெம்மி எழுந்து தட்டுகளைக் கழுவும் சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டரை வருஷமாக ஒரு கட்டத்துக்குள் வாழ்ந்தவளுக்கு, அந்தக் கட்டத்துக்குள் ஒருவன் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான் என்று தோன்றிவிட்டது. மறுநாள் கடையில் காது கேளாத கிழவர் ஒருவரிடம் கருவியைப் பொருத்தியதும் அவள் முதலில் சொன்ன வாக்கியம், "என் வீட்டுக்காரர் என்னைப் பாரிஸ் கூட்டிட்டுப் போறார்." அவர் கருவி சத்தமாக இருக்கிறது என்றார்.

ஜூன் கடைசியில் திட்டம் வெளியானது. முப்பத்தொரு பக்கம், பிளாஸ்டிக் உறைகளில், வளையக் கோப்பில். முதல் பக்கத்தில் பொருளடக்கம். ஃபெம்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"இது என்ன, 8.10 முதல் 8.22 வரை?"

"கழிப்பறை."

"ரெண்டு பேருக்குமா?"

"ஆளுக்கு ஆறு நிமிஷம்."

"எனக்கு அப்ப வரலைன்னா?"

"பெல்ஜியத்துல வரும். அங்க இன்னொரு எடம் வெச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். வீபே சிரிக்கவில்லை; பக்கத்தைத் திருப்பினான். பாரிஸுக்குள் காரை எடுத்துப் போவது இல்லை. ஊர் எல்லையில் விட்டுவிட்டு டிராம். ரொட்டி, சீஸ், பீநட் பட்டர், காப்பித்தூள், எல்லாம் வீட்டிலிருந்து. பிரெஞ்சுக்காரர்கள் இத்தனை நூற்றாண்டாகச் சாப்பிடாமலா இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். வீபேயைக் கேட்டால், அவர்கள் எட்டு மணிக்கு முன்னால் சாப்பாடு போட மாட்டார்கள், தனக்கு ஆறு மணிக்குப் பசிக்கும் என்பான்.

"கோபுரத்துமேல ஏற வேணாமா?"

"மேல ஏறிட்டா கோபுரம் தெரியாது. கீழேருந்து பாக்கறதுதான் சரி. பதினஞ்சு நிமிஷம்."

"படகு இருக்கே."

"வியாழன் 19.50 முதல் 21.00. ரொமான்டிக்."

அந்தச் சொல்லை அவன் கட்டத்திலும் எழுதியிருந்தான், இளஞ்சிவப்பில்.

"சனிக்கிழமை, திராட்சை ஊர்ல… இது என்ன வீபே? 'தன்னிச்சை: 14.15 – 15.00'?"

"அது உனக்காக வெச்சது. அந்த நேரத்துல என்ன வேணா செய்யலாம்."

"என்ன வேணான்னா?"

"முன்னாடியே சொல்லிட்டா நல்லது. அதுக்கேத்த செருப்பு எடுத்துக்கணும்."

"சும்மா உக்காந்திருக்கணும். ஒரு மத்தியானம் பூரா. அடுத்து என்னன்னு தெரியாம."

"மத்தியானம் பூரா முடியாது. 15.10-க்கு ஒயின் கெடங்கு இருக்கு, ருசி பாக்க. மூணு கெடங்கு. நான்தான் வண்டி ஓட்டறேன், அதனால நான் துப்பிடுவேன். நீ விழுங்கலாம்."

ஒயின் பிடிக்காதவன், துப்புவதற்காக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறான். இதைப் படிக்கும் மானமுள்ள யாராக இருந்தாலும் அந்த வளையக் கோப்பை அவன் தலையில் கவிழ்த்திருப்பார்கள். ஃபெம்மி கவிழ்க்கவில்லை. நாற்பத்தைந்து நிமிஷமாவது கிடைக்கிறதே என்று நினைத்தாள். எல்லாம் அந்தத் திங்கட்கிழமைக்காக.

மாலை வகுப்பில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்தவள் என்பதால் கிடங்குகளுக்குப் போன் போடும் வேலை அவளிடம் வந்தது. முதல் இடத்தில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் கதவு மூடியிருக்கும் என்று ஒரு ஒலிப்பதிவு சொன்னது. மூன்றாவது இடத்தில் எடுத்தவள் தோட்டக்காரரின் மனைவி. பின்னால் டிராக்டர் சத்தம்.

"எப்ப வரீங்க மேடம்?"

"செப்டம்பர் ஆறு."

அந்தம்மா சிரித்த சிரிப்பில் டிராக்டர் கேட்கவில்லை. "அது அறுவடை வாரம்மா! நாங்களே தூங்கறதில்ல. கிளாஸ எடுத்துட்டு வராதீங்க. கத்தரி எடுத்துட்டு வர்றதா இருந்தா சொல்லுங்க, மத்தியானச் சாப்பாடு போடறோம்."

திராட்சை ஊருக்குத் திராட்சை பறிக்கும் வாரத்தில் சுற்றிப் பார்க்கப் போவது, மெப்பல் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை போவதுபோல. வாத்து முட்டையிடும் வாரத்தைக் கணக்கு வைத்திருப்பவனுக்கு இது தெரியாமலா போயிருக்கும்? ஃபெம்மி அன்று மாலையே சொன்னாள்.

"அக்டோபர்ல போலாம் வீபே. சரிவெல்லாம் மஞ்சளா இருக்குமாம். கூட்டமும் இருக்காது."

"செப்டம்பர் நாலுதான்."

"கெடங்கு மூடியிருக்குங்கறேன்."

"வெளியிலேருந்து பாக்கலாம்."

"ஒயின் கெடங்க வெளியிலேருந்தா?"

"செப்டம்பர் நாலு, ஃபெம்மி. மத்ததெல்லாம் எப்படி வேணா மாத்திக்கலாம். தேதிதான் முக்கியம்."

தேதிதான் முக்கியம். இதையும் அவள் மறுநாள் கடையில் சொன்னாள். காதலைப் பற்றிய வாக்கியம் என்று நினைத்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் நடுவில் ரூலோஃபின் பிறந்தநாள் வந்தது. ரூலோஃப் அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மனைவி ஆல்ட்யே. எங்கள் பிறந்தநாள்களில் நடனம் கிடையாது, பாட்டு ஒன்றோடு சரி. ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வருகிறவன் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, பிறந்தநாள்காரருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் அவர் மச்சானுக்கும் நாய்க்கும் வாழ்த்துச் சொல்லி உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் எழுந்தால் அது செய்தியாகிவிடும். காப்பி, ஒரு துண்டு கேக், பிறகு கடுகோடு சீஸ் துண்டுகள், பிறகு குடிக்க ஏதாவது. மூன்று மணி நேரம் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். பார்த்துக்கொண்டு இருப்பது எங்களுக்குப் பிடிக்கும் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

கேக் முடிந்து சீஸ் வந்ததும் ஆல்ட்யே கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். தெருவின் வளைவுகளுக்கு அவள்தான் அதிகாரி. கல்யாணமாகிப் பன்னிரண்டரை ஆண்டு நிறைந்த தம்பதியின் வாசலுக்கு மேல் ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, காகித ரோஜாக்களைச் செருகி, உச்சியில் எண்ணை மாட்டுவது இந்தப் பக்கத்து அக்கம்பக்கத்தாரின் கடமை. வளைவு ஏறிவிட்டால், அந்த நாளில் தெருவையே வீட்டுக்குள் உட்கார வைத்து ஊற்றிக் கொடுப்பது தம்பதியின் கடமை. எத்தனை மணிக்கு எழுந்து போவது என்பது தெருவின் இஷ்டம்.

"டிசம்பர்ல உங்களது வருது" என்றாள் ஆல்ட்யே, ஃபெம்மியைப் பார்த்து. "சிவப்புத் தாளா வெள்ளைத் தாளான்னு யோசிச்சிட்டிருக்கேன். டிசம்பர்ல சிவப்புன்னா கிறிஸ்துமஸ் மாதிரி ஆயிடும். நீ என்ன சொல்ற?"

ஃபெம்மி வாயைத் திறப்பதற்குள் வீபே சீஸ் குச்சியைத் தட்டில் வைத்தான். வாழ்நாளில் ஒருமுறை எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த ஆளின் முகம்.

"தாள் வாங்க வேணாம் ஆல்ட்யே."

"ஏன் தம்பி?"

"சட்டப்படி எங்க கல்யாணம் மார்ச் நாலு. அப்ப பன்னிரண்டரை என்னைக்கு? செப்டம்பர் நாலு. அன்னைக்கு நாங்க பாரிஸ்ல. டிசம்பர்ல எங்களுக்குப் பன்னிரண்டேமுக்கால் ஆயிடும். பன்னிரண்டேமுக்காலுக்கு யாரும் வளைவு கட்டறதில்ல."

ரூலோஃப் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. "அடப்பாவி" என்றார். "அப்ப பாரிஸ் அதுக்குத்தானா?"

"பின்ன? நாப்பது பேரு என் ஹால்ல வந்து உக்காந்துட்டு, எப்ப எழுந்திருப்பாங்கன்னு தெரியாம… அதுக்குப் பாரிஸே தேவலை!"

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தான். பாரிஸுக்கு இதைவிட மட்டமான மரியாதையை யாரும் செய்ததில்லை. வட்டத்தில் உட்கார்வதில் ஒரு கஷ்டம், எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும். எல்லோரும் ஃபெம்மியின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சீஸைப் பார்த்தார்கள்.

ஃபெம்மி மெதுவாகத்தான் கேட்டாள். "அந்தத் திங்கக்கெழமைய நெனச்சு எண்ணலையா நீ?"

"எந்தத் திங்கக்கெழம?" என்றான் வீபே.

தேதி அவனுக்குத் தெரியும். கிழமை தெரியாது. சட்டத்துக்குக் கிழமை தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் வீபே தப்பித்திருப்பான். சண்டைக்கென்று அவனிடம் நிச்சயம் ஒரு கால் மணி நேரம் இருக்கும். இரண்டு நாள் கழித்து, அவன் வேலைக்குப் போன பிறகு, கல்யாணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆல்ட்யேயின் பின்கதவைத் தட்டினாள். நகராட்சி கொடுத்த சின்னப் புத்தகம். முதல் பக்கத்தில் தேதி, கையெழுத்து, முத்திரை.

"பக்கத்து வீட்டம்மா, இந்தாங்க. மார்ச் நாலு. அரசாங்கமே சொல்லுது."

ஆல்ட்யே புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "அப்ப பன்னிரண்டரை…"

"செப்டம்பர் நாலு. அவரே அத்தன பேர் முன்னால சொன்னாரே."

"ரெண்டு வாரத்துக்கு மேல கொஞ்சம்தான் இருக்கு. முன்னூறு ரோஜா பண்ணணும். மூணு வாரமாவது வேணும் எனக்கு." ஆனால் அவள் கை ஏற்கெனவே மேஜை இழுப்பறையில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தது. "அப்ப பாரிஸ்?"

"பாரிஸ் எங்கயும் போயிடாது."

"தாள் என்ன நெறம்?"

"வீபேக்கு ஊதா ஆகாது."

"அப்ப ஊதா" என்றாள் ஆல்ட்யே.

இந்த இடத்தில் தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஃபெம்மிக்காக இரக்கப்பட்டு யாரும் ரோஜா செய்யவில்லை. தங்களிடமிருந்து ஒருவன் நழுவப் பார்த்தான், அதைப் பொறுக்க முடியாமல் செய்தார்கள். ரூலோஃபின் கார் கொட்டகையில் பதினாறு நாள், பீர் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து, ஊதாத் தாளை மடித்து மடித்து, வீபேயைப் பற்றி பன்னிரண்டரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாகத் தெரு இருந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் மூன்று, புதன்கிழமை, மாலை 17.40. வீபே அலுவலகத்திலிருந்து சைக்கிளில் வந்தான். தன் வீட்டைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். மறுபடி தாண்டினான். வாசலுக்கு மேல் ஆறடி அகலத்துக்குப் பச்சை வளைவு. அதில் முன்னூறு ஊதா ரோஜா. உச்சியில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய '12½'. ஏணிமேல் ரூலோஃப் கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"பன்னிரண்டரை" என்றார் ரூலோஃப், வாயில் ஆணியோடு.

"நாளைக்குக் காலைல 6.10-க்கு நாங்க கெளம்பறோம்!"

"நாளைக்குத்தானேப்பா பன்னிரண்டரை? நீதான சொன்ன. புத்தகத்துல முத்திரையோட பாத்துட்டோம். சாயந்திரம் ஏழு மணிக்கு வரோம். உனக்குச் சிரமம் வேணாம்னு மண்டபத்துலேருந்து நாற்காலிகூட நானே சொல்லிட்டேன்."

வளைவு ஏறிய வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. போகலாம், பிறகு அவனுடைய சவப்பெட்டியைத் தூக்கவும் ஆள் வராது. அது வீபேக்கும் தெரியும். சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூடத் தோன்றாமல், பிடித்தபடியே ஹாலுக்குள் போனான். ஃபெம்மி சின்னப் பை ஒன்றில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்த நீ குடுத்தியா?"

"ஆமா."

"இப்ப பாரிஸுக்கு யார் போறது?"

"நான் போறேன். காலைல ஆறே முக்கால் ரயில். நீ இரு. வளைவுக்குக் கீழ யாராவது இருந்துதானே ஆகணும்."

"ரூம் ரெண்டு பேருக்குப் போட்டது!"

"ரெண்டு தலகாணியையும் நானே வெச்சுக்கறேன்."

"ஃபெம்மி, எல்லாமே ரெண்டு பேருக்குப் போட்டது. கழிப்பறைகூட!"

"அப்ப உன் ஆறு நிமிஷத்தையும் நான் எடுத்துக்கறேன்." பையின் ஜிப்பை இழுத்தாள். "சைக்கிள வெளிய வை. நாளைக்கு ஆளுங்க வராங்க."

அவன் வளையக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினான். இதையாவது எடுத்துப் போ என்பதுபோல. அவள் ஹோட்டல் முகவரி இருந்த இரண்டு தாள்களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை அவனிடமே கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம வந்துடுவ இல்ல?"

"தெரியல" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும். யோசித்துவிட்டுச் சொன்னாள்.

வியாழன் ஏழு மணிக்கு நாற்பது பேரும் வந்தார்கள். வளைவுக்குக் கீழ் வீபே தனியாக நின்றான். ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, "வாழ்த்துகள் வீபே, பன்னிரண்டரை வருஷம், சின்ன விஷயமா!" என்றார்கள். "ஃபெம்மிக்கும் சொல்லிடு" என்றார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அவன் ஊற்றினான். சீஸ் வெட்டினான். நாற்காலி வட்டம் ஹாலில் கொள்ளாமல் சமையலறைக்குள் போய்த் திரும்பி வந்தது. முதல் ஒரு மணி நேரம் அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ரூலோஃப் எழுந்து போய் அந்தக் கடிகாரத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டார், பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்வதற்காக.

"இப்ப ஃபெம்மி எங்க இருப்பா?" என்றாள் ஆல்ட்யே.

வீபே வளையக் கோப்பை எடுத்து வந்தான். உண்மையாகவே எடுத்து வந்தான். "20.10. படகுல."

"ரொமான்டிக்னு போட்டிருக்கு" என்றார் ரூலோஃப், தோளுக்கு மேல் எட்டிப் படித்து.

"கேட்டுத்தான் பாரேன் தம்பி."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவன் போன் போட்டான், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில். ஃபெம்மி எடுத்தாள்.

"படகுல இருக்கியா?"

"இல்ல."

"அப்ப எங்க?"

"ஒரு நாற்காலில."

"எந்த எடத்து நாற்காலி?"

"பேர் பாக்கல. மேல செவப்புத் துணி போட்டிருக்கு. ஒரு ஆள் சாப்பாடு கொண்டு வராரு, அது என்னன்னும் தெரியல. கையக் காட்டினேன். நான் வெக்கறேன்."

வீபே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் சிரிப்பு, ஒருத்தி சீஸ் புரையேறி எழுந்து நின்றாள். அந்தச் சிரிப்பில் பாதிகூட அவன் காதில் விழவில்லை. அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்து போனார்கள் என்பதை அவன் குறித்து வைத்திருக்கிறான், கேட்டால் சொல்வான்.

வெள்ளிக்கிழமை அவள் போன் செய்யவில்லை. அவன் ஹாலைக் கூட்டினான். சனிக்கிழமை வளைவிலிருந்து உதிர்ந்த ஊசியிலைகளைக் கூட்டினான். சரியாக 14.15-க்குப் போன் போட்டான், அது அவளுடைய நேரம் என்று நினைவூட்ட. அவள் எடுக்கவில்லை. 14.40-க்கும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அவனே நிறுத்திவிட்டான், நேரம் முடிந்துவிட்டதால். ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்குப் பசிக்கவில்லை. அதை ஆல்ட்யேயிடம் வந்து சொன்னான், வியாதி என்று நினைத்து. ஆல்ட்யே கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவ வரமாட்டாளோ?" என்றானாம்.

"என்னக் கேட்டா? உன் கோப்புல பாரு" என்றாளாம் அவள்.

ஞாயிறு காலை ஒரு வரிச் செய்தி வந்தது: 'இன்னைக்கு வரேன்.' எந்த வண்டி என்று கேட்டான். 'ஏதாவது ஒண்ணு' என்று பதில். வீபே மூன்று முறை படித்தான். ஏதாவது ஒன்று என்ற வண்டி எந்த அட்டவணையிலும் கிடையாது. தெற்கிலிருந்து மெப்பலுக்கு அரை மணிக்கொரு வண்டி. பகல் இரண்டு மணிக்கே போய் மேடையில் நின்றுவிட்டான். சைக்கிள் எடுத்துப் போகவில்லை; ஒன்று எடுப்பதா இரண்டு எடுப்பதா என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை என்று பிறகு சொன்னான். வண்டி வரும்போதெல்லாம் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடினான். ஓடி யாரும் பார்த்திராத ஆள். முதல் வண்டியில் மூன்று மாணவர்கள் இறங்கினார்கள். இரண்டாவதில் ஒரு நாய், அதன் சொந்தக்காரர். அடுத்தடுத்த வண்டிகளில் இன்னும் நிறையப் பேர், எல்லோரும் வேறு யாரோ. ஐந்து மணிக்கு மேல் அவன் ஓடுவதை விட்டு நடுவில் நின்றான். அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு நீளம் என்பதை அந்த மேடையில் எட்டுத் தடவை அறிந்துகொண்டிருப்பான். கணக்கு அவனுடையது.

ஒன்பதாவது வண்டியில் ஃபெம்மி இறங்கினாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. விரல்கள் கறுத்திருந்தன, திராட்சைச் சாறு.

"ரெண்டு மணியிலேருந்து நிக்கறேன்" என்றான்.

"யாரு நிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் அவனை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கையில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். இல்லை.

"மார்ச் நாலு திங்கக்கெழமதான்" என்றான் வீபே. "பாத்தேன்."

"எங்க பாத்த?"

"நாட்காட்டில."

ஃபெம்மி பையை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

"வீடு இந்தப் பக்கம்."

"தெரியும்."

"எங்க போறோம்?"

கால்வாய் ஓரமாக அவள் விறுவிறுவென்று போனாள். பாலம் வருவதற்குள் அவன் அதையே மூன்று முறை கேட்டான். பாலத்தில் நாலாவது முறை கேட்கவில்லை. திருந்திவிட்டான் என்று ஆல்ட்யே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பை கனமாக இருந்தது, அவனுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.